ஃப்ரீடம் இன் தி வேர்ல்ட் அறிக்கை: மொத்த மதிப்பெண்ணை விடுங்கள், கேள்விகளைப் படியுங்கள்

அரசியல் அறிவியல் பாடம் எடுப்பவள் நான். வகுப்பில் ஒரு தலைவரின் பெயரைச் சொன்ன மறுநொடியே அறை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு தரப்பு அவர் போட்ட சாலைகளையும் கொடுத்த உதவிகளையும் அடுக்கும். இன்னொரு தரப்பு அவருடைய குடும்பத்தையும் ஊழலையும் இழுக்கும். இரண்டு தரப்புமே கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஆட்சியில், பின்னால் கட்சியோ கூட்டமோ இல்லாத ஒரு தனி மனிதர் தன் உரிமையோடு வாழ முடிந்ததா? இதை முறையாகக் கேட்டுப் பழக என்ன கருவி இருக்கிறது என்று மாணவர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதும் மதிப்புரை இது. எடுத்துக்கொண்டது, ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் ‘ஃப்ரீடம் இன் தி வேர்ல்ட்’ அறிக்கையும் அதற்கான இணையதளமும்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஃப்ரீடம் ஹவுஸ் 1941-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமைப்பு. இப்போது வாஷிங்டனிலிருந்து இயங்குகிறது. நாடுகளின் சுதந்திரத்தை அளக்கும் கணக்கெடுப்பை 1973-இல் ஆரம்பித்தார்கள். இன்று 195 நாடுகளையும், ஹாங்காங், திபெத் போன்ற சில பகுதிகளைத் தனியாகவும் மதிப்பிடுகிறார்கள். இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. கட்டணம் கிடையாது, கணக்குத் திறக்கவும் வேண்டாம். மதிப்பெண்களை எக்செல் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அறிக்கையின் தலைப்பில் இருக்கும் ஆண்டு, அது பேசும் ஆண்டு அல்ல. 2025 பதிப்பு 2024-இல் நடந்தவற்றைப் பற்றியது. ஒரு தலைவர் பதவிக்கு வந்த ஆண்டையும் அறிக்கையின் ஆண்டையும் குழப்பிக்கொண்டால், முந்தையவர் செய்ததை இவர் தலையில் கட்டிவிடுவோம்.

அறிக்கையின் உயிர் அதன் 25 கேள்விகளில் இருக்கிறது. பத்து கேள்விகள் அரசியல் உரிமைகள் பற்றியவை. தேர்தல் நேர்மையாக நடந்ததா, எதிர்க்கட்சி வளர்ந்து ஆட்சியைப் பிடிக்க உண்மையிலேயே வழி இருக்கிறதா, அரசு தன் வேலையை வெளிப்படையாகச் செய்கிறதா என்று அவை போகும். மீதி பதினைந்தும் குடிமை உரிமைகள்: பேச்சு, மதம், கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், நீதிமன்றம், சொந்த வாழ்க்கை. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆக 40-ம் 60-ம் சேர்ந்து நூறு. மக்கள்தொகையின் இனக் கலவையை ஓர் அரசு வேண்டுமென்றே மாற்றினால் அதற்காக நான்கு மதிப்பெண் வரை கழிக்கவும் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். கடைசியில் நாடு ‘சுதந்திரமானது’, ‘பகுதிச் சுதந்திரம் உள்ளது’, ‘சுதந்திரம் இல்லாதது’ என்ற மூன்றில் ஒன்றில் போய் விழும். பின்லாந்துக்கு நூற்றுக்கு நூறு.

செய்தித்தாள்கள் இந்தக் கடைசிச் சொல்லையும் நூற்றுக்கு எத்தனை என்பதையும் எடுத்துத் தலைப்பாக்கிவிட்டு நகர்ந்துவிடும். பெரும்பாலானோர் அறிக்கையை அந்த அளவுக்குத்தான் அறிவார்கள். எனக்கு அது அறிக்கையின் மிகச் சுமாரான பகுதி. மதிப்பு மிகுந்த பகுதி அதற்குக் கீழே, பலரும் உருட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

ஆய்வு முறையை விளக்கும் பக்கத்தில் அவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறார்கள். தாங்கள் அளப்பது அரசுகளையோ அவற்றின் செயல்திறனையோ அல்ல, நடைமுறையில் தனிமனிதர்கள் அனுபவிக்கும் உரிமைகளையும் சுதந்திரங்களையும்தான் என்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே நான் இந்த அறிக்கையை மதிக்கிறேன். அரசியல் பற்றிய நம் பேச்சு முழுவதும் தலைவரை நடுவில் நிறுத்தியே நடக்கிறது. அவர் என்ன நினைத்தார், என்ன கனவு கண்டார், எவ்வளவு உழைத்தார் என்று பேசிப் பேசி, ஆளப்படுகிறவர் பேச்சிலிருந்தே காணாமல் போகிறார். இந்த அறிக்கை அவரைத் தேடிப் பிடித்து முன்னால் உட்கார வைக்கிறது. அரசு மட்டும் அல்லாமல் ஆயுதக் குழுக்களும் செல்வாக்குள்ள தனியாரும் பறிக்கும் உரிமையையும் கணக்கில் சேர்க்கிறது. ‘எங்கள் ஆட்கள் யாரையும் தொடவில்லை, அது பொதுமக்களின் கோபம்’ என்று எந்த ஆட்சியாளரும் தப்பிக்க முடியாது. உங்கள் கண்முன்னே ஒருவர் அடிக்கப்பட்டார், நீங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. அறிக்கை பார்ப்பது அதைத்தான்.

சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடும் அது நின்றுவிடுவதில்லை. உதாரணத்துக்கு டி-4 என்ற கேள்வி, அதாவது டி பிரிவின் நான்காவது கேள்வி. அரசியல் பற்றியோ பிற நுட்பமான விஷயங்கள் பற்றியோ, கண்காணிப்புக்கும் பழிவாங்கலுக்கும் பயப்படாமல் மக்கள் தங்கள் சொந்தக் கருத்தைச் சொல்ல முடிகிறதா என்பது அதன் சாரம். அதன் கீழ்த் துணைக்கேள்விகள் உண்டு. பொது இடத்திலோ வீட்டிலோ நாலு பேர் அரசியல் பேசினால் தொல்லை வருமா? அரசுக்கு எதிரான பேச்சைக் காதில் வாங்கி மேலிடத்துக்குச் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்களா? பெரும்பாலான நாடுகளின் அரசியலமைப்பைத் திறந்தால் கருத்துரிமைக்கு ஒரு பிரிவு இருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் தலைவரைப் பற்றி நினைத்ததைச் சொல்லும்முன் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறதா என்பது அந்தப் பிரிவைப் படித்தால் தெரியாது. டி-4 கேட்பது அதைத்தான்.

கேள்விகளின் அருமை புரிய ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் வகுப்பில் எடுப்பது மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார். கேள்விகளைத் தமிழில் எழுதிப் படியெடுத்துக் கொடுத்துவிடுவேன். நாட்டின் பெயரையும் தலைவரின் பெயரையும் முதலில் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்வேன்.

கொலைகளும் மாமூல் வசூலும் மலிந்த சின்ன நாடு. 2015-இல் ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கும் மேற்பட்ட கொலைகள். உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் தாதாக் கும்பல்களுக்குப் பணம் கட்டித்தான் பிழைக்க வேண்டும். புதிய தலைவர் வருகிறார். 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரே வார இறுதியில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட, அவசரநிலை அறிவிக்கப்படுகிறது. கைதானவரை 72 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற வரம்பு 15 நாளாகிறது. ஏன் கைது என்று சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே வழக்கறிஞர் கிடைக்கும் உரிமை இல்லை. நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம். முப்பது நாளுக்கு என்று போட்ட உத்தரவைச் சட்டமன்றம் மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போகிறது. கைதானோர் 80,000-ஐத் தாண்டுகிறார்கள். நூற்றுக்கணக்கானோரை ஒன்றாக நிறுத்தி ஒரே வழக்கில் விசாரிக்கச் சட்டம் வருகிறது. கொலை விகிதமோ, அரசுக் கணக்குப்படி 2024-இல் ஒரு லட்சத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. தலைவர் அந்த ஆண்டுத் தேர்தலில் எண்பது சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கி மறுபடி ஜெயிக்கிறார்.

இந்த இடத்தில் வகுப்பு சூடாகும். ஒரு மாணவி எழுந்து கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. “மேடம், பத்து வருஷமா வெளியில விளையாட முடியாத புள்ளைங்க இப்ப தெருவுல விளையாடுதுங்க. இதைவிடப் பெரிய உரிமை என்ன இருக்கு?” அந்தக் கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. உயிரோடு இருப்பதும் உரிமைதான். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்பாவின்னு அரசாங்கமே சொல்லி விட்டாங்களே ஏழாயிரம் பேரு, அவங்க எத்தனை மாசம் உள்ள கிடந்தாங்க? அவங்க புள்ளைங்க எங்க விளையாடுச்சுங்க?” அதுவும் பதிவான உண்மைதான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசே பின்னர் விடுவித்தது.

இப்போது கேள்வித்தாளை எடுக்கச் சொல்வேன். எஃப்-3: சட்டவிரோத வன்முறையிலிருந்து மக்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? கும்பல்களின் கொலை குறைந்தது இங்கே வரும். அதே எஃப்-3-இல்தான் காவலில் நடக்கும் அடியும் சாவும் வரும். எஃப்-2: குற்றவியல் நடைமுறை முறையாகப் பின்பற்றப்படுகிறதா? வழக்கறிஞர் இல்லாத 15 நாள் இங்கே வரும். எஃப்-1: நீதித்துறை சுதந்திரமாக இருக்கிறதா? இதற்கு 2022-ஐத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். 2021 மே மாதம் புதிய சட்டமன்றம் கூடிய முதல் நாளிலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வின் ஐந்து நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞரையும் நீக்கியது. தொடர்ந்து இரண்டாம் முறை அதிபராக நிற்கக் கூடாது என்று அதுவரை கருதப்பட்டுவந்த தடையை, புதிதாக அமர்த்தப்பட்ட நீதிபதிகள் அதே ஆண்டு நீக்கிவிட்டார்கள். தெருவில் அமைதி வருவதற்கு முன்பே, அரசைத் தட்டிக்கேட்கும் இடம் காலியாகிவிட்டது. மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது விவாதத்தின் தரம் மாறிவிடுகிறது. ‘நல்ல தலைவரா’ என்ற கேள்வி போய், ‘80,000 பேரில் ஒருவர் தவறாகப் பிடிபட்டால் அவர் யாரிடம் முறையிடுவார்’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தத் தலைவர் நயீப் புக்கேலே என்று அப்புறம்தான் சொல்வேன். அவரை விரும்புகிறவர்கள் அதன் பிறகும் விரும்பலாம். அந்த ஒருவரை மறந்துவிட்டு விரும்ப முடியாது.

அறிக்கையின் பெரிய குறையும் இதே உதாரணத்தில் தெரியும். எஃப்-3-இல் ஒரு மதிப்பெண் கூடி, எஃப்-2-இல் ஒன்று குறைந்தால், மொத்தத்தில் எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பும் இன்னொருவர் இழந்த விசாரணையும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போய்விடும். உரிமையில் இந்தக் கழித்தல் கணக்கு செல்லவே செல்லாது. பள்ளி மதிப்பெண் பட்டியலில்கூட ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேறினால்தான் தேர்ச்சி. கணக்கில் நூறு வாங்கியதைக் காட்டித் தமிழில் தோற்றதை மறைக்க முடியாது. மனிதர்களின் சுதந்திரத்தை அளக்கும் அறிக்கை அந்த அளவுக்குக் கறாராக இருக்க வேண்டாமா? தேர்தல் ஜனநாயகம் என்ற தனிப் பட்டியலுக்கு மட்டும் அப்படி ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். தேர்தல் பற்றிய மூன்று கேள்விகளில் 12-க்கு 7, அரசியல் உரிமையில் 40-க்கு 20, குடிமை உரிமையில் 60-க்கு 30 இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம். இதே கறார்த்தனம் சித்திரவதைக்கும் விசாரணையில்லாக் காவலுக்கும் இருந்திருக்க வேண்டும்.

நமக்குப் பிடிக்காத தலைவர்மேல் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது சுலபம். பிடித்தவர்மேல் போட்டுப் பார்த்தால்தான் கருவியின் கூர்மை தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1935-இல் முதியோருக்கும் வேலையற்றோருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர். 1941 ஜனவரியில் பேச்சு, வழிபாடு, வறுமையின்மை, அச்சமின்மை என்ற நான்கு சுதந்திரங்களை உலகுக்கே அறிவித்தவர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின் பேரில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீட்டையும் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். யார்மேலும் தனிப்பட்ட குற்றச்சாட்டு இல்லை. 1944-இல் உச்ச நீதிமன்றமும் 6-க்கு 3 என்று வெளியேற்ற உத்தரவை ஏற்றுக்கொண்டது. அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் இயற்ற 1988 வரை ஆயிற்று.

இந்த ஆணையை 25 கேள்விகளின் முன் நிறுத்துங்கள். எஃப்-4, எல்லாப் பிரிவினரும் சமமாக நடத்தப்படுகிறார்களா? எஃப்-2, விசாரணை நடந்ததா? ஜி-1, விரும்பிய இடத்தில் வசிக்க முடிகிறதா? ஜி-2, சொத்துரிமை இருக்கிறதா? நான்கிலும் அந்த 1,20,000 பேருக்குக் கிடைத்த பதில் ‘இல்லை’. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் கோடிக்கணக்கானோர் பயன்பெற்றதைக் காட்டி இந்தப் பதிலை மாற்ற முடியாது. ரூஸ்வெல்டின் மனைவி எலினார் ஃப்ரீடம் ஹவுஸின் தொடக்ககாலக் கௌரவத் தலைவர்களில் ஒருவர். 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த ஆணையத்துக்கும் அவரே தலைவர். இந்த அறிக்கையின் கேள்விகள் பெருமளவு அந்தப் பிரகடனத்திலிருந்து எடுத்தவைதான். தன்னைத் தொடங்கியவர்களின் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடிய கேள்விகள் என்பதால்தான் இவற்றை நான் நம்புகிறேன்.

யார் மதிப்பெண் போடுகிறார்கள், எந்த உரிமையில் போடுகிறார்கள் என்பது நியாயமான கேள்வி. அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக அமெரிக்க அரசின் நிதியிலிருந்தே வந்திருக்கிறது. பனிப்போர்க் காலத்து மதிப்பெண்களில் அமெரிக்காவின் நட்பு நாடுகளுக்குச் சற்றுத் தாராளம் காட்டப்பட்டதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆகவே 1970-களின், 1980-களின் பட்டியலை நான் எந்தத் தலைவரையும் எடைபோடப் பயன்படுத்துவதில்லை. பிற்காலத்தில் நிலைமை மாறியிருக்கிறது. அமெரிக்காவுக்கே பத்தாண்டில் மதிப்பெண் 94-லிருந்து 83-க்கு இறங்கியது. 2021 பதிப்பில் இந்தியா 71-லிருந்து 67-க்கு இறங்கி ‘பகுதிச் சுதந்திரம்’ ஆனபோது, இந்திய அரசு அந்த அறிக்கையைத் தவறாக வழிநடத்துவது என்று மறுத்தது. அப்போது நண்பர்களிடையே ஒரே சண்டை. ஒரு கூட்டம் அந்த எண்ணைக் கொடியாகத் தூக்கிப் பிடித்தது. இன்னொரு கூட்டம் வெளிநாட்டுச் சதி என்று வீசி எறிந்தது. நாட்டுப் பக்கத்தைத் திறந்து எந்தக் கேள்வியில், எந்தச் சம்பவத்துக்காக மதிப்பெண் குறைந்தது என்று படித்துவிட்டுப் பேசியவர்கள் மிகக் குறைவு. மதிப்பெண்ணை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதன் கீழே எழுதியிருக்கும் கைது நடந்ததா, அந்தச் சட்டம் வந்ததா, அந்த நிருபர்மேல் வழக்குப் போட்டார்களா என்பதை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். சொன்னவர் யார் என்பதை வைத்து, சிறையில் இருக்கும் ஒருவர் சிறையில் இல்லை என்று ஆகிவிடாது.

மதிப்பெண் போடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் வரைவு எழுதுகிறார்கள். பின் வட்டார வாரியாகக் கூடிப் பேசி மதிப்பெண்ணை முடிவு செய்கிறார்கள். முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணை அடிப்படையாக வைத்து, குறிப்பிடத்தக்க சம்பவம் ஏதாவது நடந்தால்தான் மாற்றுகிறார்கள். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அவசரப்பட்டு ஏற்றி இறக்க மாட்டார்கள். ஆனால் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் ஆட்சி, ஒவ்வோர் ஆண்டும் ‘பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை’ என்ற இடைவெளியில் நழுவிவிடலாம். நிபுணர்களின் மனநிலையே காலத்தோடு அவநம்பிக்கையாக மாறி மதிப்பெண்ணைக் கீழே இழுக்கிறது என்று வாதிடும் அரசியல் அறிஞர்களும் இருக்கிறார்கள். 2025 பதிப்பு, உலகில் சுதந்திரம் தொடர்ந்து 19-ஆவது ஆண்டாகக் குறைந்திருக்கிறது, 60 நாடுகளில் இறக்கம், 34 நாடுகளில் ஏற்றம் என்கிறது. திசை சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். இந்த நீண்ட வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று வகுப்பில் சொல்ல மாட்டேன்.

மாற்றாக வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்வேன். ஒன்று சுவீடனின் கோத்தென்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஜனநாயகத்தை அளக்கும் வி-டெம் ஆய்வுத் திட்டம். ஆயிரக்கணக்கான நிபுணர்கள், நூற்றுக்கணக்கான அளவீடுகள், பல நாடுகளுக்கு 1789 வரை பின்னோக்கிப் போகும் தரவு. சட்டத்தின் முன் சமத்துவம், தனிமனிதச் சுதந்திரம், நீதிமன்றமும் சட்டமன்றமும் ஆட்சியாளரைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைச் சேர்த்துத் தனிக் குறியீடே வைத்திருக்கிறார்கள். அதை வரைபடமாக இணையத்தில் வரைந்து பார்க்கலாம். ஒரு தலைவர் வந்த ஆண்டில் கோடு எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கோடு ஏன் திரும்பியது என்று சொல்ல அங்கே கதை கிடையாது. புள்ளியியல் பழக்கம் இல்லாதவர் திணறுவார். மற்றொன்று வேர்ல்ட் ஜஸ்டிஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பின் சட்டத்தின் ஆட்சிக் குறியீடு. இவர்கள் நிபுணர்களோடு சேர்த்துச் சாதாரண மக்களிடமும் வீடு வீடாகக் கேட்கிறார்கள். காவல் நிலையத்தில் ஓர் ஏழைக்கு என்ன நடக்கும் என்பதை அந்த ஏழையிடமே கேட்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஃப்ரீடம் ஹவுஸ் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பயம் நிறைந்த நாட்டில் வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் உண்மை சொல்வது கடினம் என்ற பிரச்சினை இதில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாசிக்க, வாதிட, வகுப்பில் வைக்க மூன்றில் ஏற்றது ஃப்ரீடம் ஹவுஸ்தான். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே மனிதர்களுக்கு நடந்தது எழுதப்பட்டிருக்கிறது.

அறிக்கையில் இல்லாதவற்றில் என்னை மிகவும் உறுத்துவது பசியும் நோயும். மனித உரிமைப் பிரகடனத்தின் 22 முதல் 27 வரையான பிரிவுகள் சமூகப் பாதுகாப்பு, வேலை, போதிய வாழ்க்கைத்தரம், கல்வி ஆகியவற்றையும் உரிமைகளாகவே சொல்கின்றன. இந்த 25 கேள்விகளில் அவற்றுக்குக் கிடைத்த இடம், ஜி-4-இல் சம வாய்ப்பையும் சுரண்டலையும் பற்றிய சில வரிகளே. பிள்ளைக்குச் சாப்பாடு போட முடியாத தாய்க்குப் பேச்சுரிமை எதற்கு என்று கேட்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். சாப்பாடு கிடைக்கவில்லை என்று உரக்கச் சொல்லவாவது அவளுக்கு அந்த உரிமை வேண்டும். ஆனால் அந்தத் தாயின் பசியை அளக்காத ஒன்றை முழுமையான சுதந்திர அளவுகோல் என்று அழைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு தலைவரை எடைபோடும்போது இந்தப் பகுதியை வேறு தரவுகளிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறேன். பக்கத்தில்தான் வைக்கிறேன், கூட்டுவதில்லை.

தலைவர்களைப் போலவே கொள்கைகளையும் இந்தக் கேள்விகளால் சோதிக்கலாம். என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது இதுவே. ஒரு மசோதா வந்தால் ஆதரவா எதிர்ப்பா என்று கட்சியைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன், அது எந்தக் கேள்வியைத் தொடுகிறது என்று பாருங்கள். கைப்பேசிகளைக் கண்காணிக்க அதிகாரம் கேட்கும் சட்டமா? டி-4. தொண்டு நிறுவனங்களின் நிதியைக் கட்டுப்படுத்துவதா? ஈ-2. ஹங்கேரி 2017-இல் வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளைத் தனியாகப் பதிவு செய்து முத்திரை குத்தும் சட்டம் கொண்டுவந்தபோது, வெளிப்படைத்தன்மை என்றுதான் சொன்னார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல் அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு எதிரானது, சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. நிலம் எடுப்பதா? ஜி-2. யாரைத் திருமணம் செய்துகொள்ளலாம் என்பதில் தலையிடுவதா? ஜி-3. அதன் பிறகு இன்னொரு சோதனை. இதே சட்டம், இதே அதிகாரம், உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத தலைவரின் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு மறுபடி அதே கேள்வியைப் படியுங்கள். இப்போதும் ஆதரிக்க முடிகிறது என்றால் தாராளமாக ஆதரியுங்கள்.

புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் உலக வரைபடத்தில் தொடங்க வேண்டாம். பச்சை, மஞ்சள், ஊதா நிறங்கள் மனதில் பதிந்துவிட்டால் பிறகு படிப்பதெல்லாம் அந்த நிறத்திலேயே தெரியும். உங்களுக்கு எந்தக் கருத்தும் இல்லாத ஒரு தூரத்து நாட்டின் பக்கத்தைத் திறந்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல் எஃப் பிரிவின் நான்கு பத்திகளையும் முதலில் படியுங்கள். அந்த ஊரில் பின்பலம் இல்லாத ஒருவரின் நிலை பிடிபடும். பிறகு உங்களுக்கு நெருக்கமான நாட்டுக்கு வாருங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதால் நேரம் பிடிக்கும். வாக்கியங்கள் எளிமையானவைதான், அகராதியோடு உட்கார்ந்தால் பள்ளி மாணவரும் படித்துவிடலாம்.

தளத்தை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒரு தலைவர் பதவியேற்ற ஆண்டையும் விலகிய ஆண்டையும் கொடுத்தால், 25 கேள்விகளும் வரிசையாக வந்து, ஒவ்வொன்றிலும் அவர் வந்தபோது எழுதப்பட்ட பத்தியும் போனபோது எழுதப்பட்ட பத்தியும் அருகருகே தெரியும்படி ஒரு பக்கம் வேண்டும். இப்போது அதை எக்செல் கோப்பையும் பழைய பதிப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு கையால் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யும்போது கூட்டுத்தொகைக்கு என்று நான் கட்டம் போடுவதில்லை. அவர்களும் அந்தப் பக்கத்தில் அதைப் போட வேண்டாம்.